பொதுச்சுவரின் இரண்டு பக்கங்கள்

நுரையீரலின் காற்று நுண்ணறைகளைத் திராட்சைக் கொத்தாக வரைந்து காட்டும் படத்தின் மேல் எனக்குத் தீராத வருத்தம் ஒன்று உண்டு. நான் புரட்டிய பாடநூல்களில், அவை தமிழாக இருந்தாலும் தெலுங்காக இருந்தாலும் ஆங்கிலமாக இருந்தாலும், ஒரே கொத்துதான் தொங்குகிறது. ஆந்திரம், தமிழ்நாடு, கர்நாடகம் மூன்றும் சந்திக்கும் குப்பம் பகுதியில் விலங்கியல் கற்பிக்கிறேன். என் வகுப்புக்கு வரும் பிள்ளைகளில் பலர் வீட்டில் தமிழ் பேசி, பள்ளியில் தெலுங்கில் படித்து, கல்லூரியில் ஆங்கிலத்தில் தேர்வு எழுதுகிறவர்கள். மூன்று மொழிகளில் பாடம் மாறினாலும் அவர்கள் மனத்தில் பதிந்திருக்கும் படம் மட்டும் மாறவில்லை. ஒவ்வொரு நுண்ணறையும் தனக்கென்று ஒரு தோல் கொண்ட தனிப் பழம் என்றும், பழத்துக்கும் பழத்துக்கும் நடுவே இடைவெளி உண்டு என்றும், இரத்தக் குழாய்கள் பழத்தின் மேல் வலைபோலப் படர்ந்திருக்கின்றன என்றும் அவர்கள் நம்பி வருகிறார்கள்.

உண்மையில் நுரையீரலுக்குள் அப்படிப்பட்ட இடைவெளி கிடையாது. ஒரு நுண்ணறையின் சுவர் எதுவோ அதுவேதான் பக்கத்து நுண்ணறையின் சுவரும். எங்கள் ஊரின் பழைய தெருக்களில் ஒட்டி ஒட்டிக் கட்டிய வீடுகளுக்கு நடுவே ஒரே சுவர் நின்று இரண்டு வீட்டு உத்தரங்களையும் தாங்குவதையும், அதைத் தெலுங்குப் பத்திரத்தில் ‘உம்மடி கோட’ என்றும் தமிழ்ப் பத்திரத்தில் ‘பொதுச்சுவர்’ என்றும் எழுதுவதையும் அறிந்தவர்களுக்கு நுரையீரலின் அமைப்பைப் புரிந்துகொள்வது எளிது. அறையைப் பார்ப்பதை விட்டுவிட்டுச் சுவரைப் பார்க்க வேண்டும் என்பதே நான் சொல்ல வருவது. அறைக்குள் இருப்பது வெறும் காற்று. உயிர் உள்ள பொருள் அனைத்தும் அந்தப் பொதுச்சுவரில்தான் இருக்கிறது.

சுவரைப் பார்ப்பதற்கு நல்ல ஸ்லைடு வேண்டும். விலைக்கு வரும் பெட்டிகளில் நுரையீரல் ஸ்லைடு ஒன்று இருக்கத்தான் செய்யும். ஆனால் அவற்றில் பாதி சுருங்கிய நுரையீரலிலிருந்து எடுக்கப்பட்டவை. மார்புக்கூட்டைத் திறந்தவுடன் நுரையீரல் தானாகவே சுருங்கிவிடும். அந்த நிலையில் அதை, திசுவைக் கெடாமல் வைக்கும் ஃபார்மலினில் போட்டால் சுவர்கள் ஒன்றன்மேல் ஒன்று மடிந்து, எது சுவர், எது செல் கூட்டம் என்று பிரித்தறிய முடியாதபடி ஆகிவிடுகிறது. “சார், இதுல சுவரு எது, அறை எதுன்னே தெரியலையே” என்று ஒரு மாணவி கேட்டபோது அவளிடம் மறுத்துச் சொல்ல எதுவும் இல்லை. அதனால் ஆட்டு நுரையீரலைக் கொண்டு நாங்களே ஸ்லைடு செய்யும் வழக்கத்தை ஏற்படுத்திக்கொண்டோம்.

கறிக்கடையில் மூச்சுக்குழலோடு சேர்த்து, கத்தி படாமல் முழுதாக வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். “எடுத்துக்குங்க சார், தலக்கறி கேக்குறவங்க உண்டு, ஈரல் கேக்குறவங்க உண்டு, இதக் கேட்டு வர்றவங்க கம்மிதான்” என்பார் பாய். கொண்டு வந்ததும் ஒரு மடலுக்குச் செல்லும் கிளைக்குழலில் மெல்லிய குழாயைச் செருகி, நூலால் இறுகக் கட்டி, பத்து சதவீத ஃபார்மலின் நிரம்பிய பாட்டிலை நுரையீரலுக்குமேல் ஏறக்குறைய 25 சென்டிமீட்டர் உயரத்தில் தொங்கவிடுகிறோம். அந்த உயரத்தின் அழுத்தமே போதுமானது. கரும்பழுப்பாகச் சுருங்கிக் கிடந்த மடல் சில நிமிடங்களில் ஓரங்களிலிருந்து வெளுத்து, பருத்து, விளிம்புகள் கூர்மையாகி எழுந்து நிற்கும். அதன் பின் கிளைக்குழலையும் கட்டி, மிதந்து மேலே வரும் மடலை ஃபார்மலினில் நனைத்த துணியால் மூடி அமிழ்த்தி வைக்க வேண்டும். பிறகு வழக்கமான வேலைதான்: ஆல்கஹால், சைலீன், பாரஃபின், மைக்ரோடோம் என்னும் சீவும் கருவியில் ஐந்து மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) சீவல், ஹீமட்டாக்சிலின், இயோசின் என்னும் சாயங்கள். கழுத்தை அறுக்கும்போது மூச்சோடு உள்ளே இழுக்கப்பட்ட இரத்தம் சில நுண்ணறைகளுக்குள் சிவப்பணுக் குவியலாகக் கிடப்பதைக் கண்டு நோய் என்று எழுதிவிடக் கூடாது. இதை ஒவ்வோர் ஆண்டும் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இப்படிச் செய்த ஸ்லைடைப் பத்து மடங்கு லென்ஸில் வைத்தால், வெள்ளை வெளியில் இளஞ்சிவப்பு நூல்களால் பின்னிய வலை தெரியும். வட்டங்கள் அரிது, பெரும்பாலானவை பல கோணங்கள் கொண்ட உருவங்கள், அவற்றிலும் பல ஒரு பக்கம் திறந்தவை, ஏனென்றால் நுண்ணறை என்பது மூடிய அறை அன்று, நுண்ணறை நாளம் என்ற பொது நடையை நோக்கி வாய் திறந்த குழி. நாற்பது மடங்குக்குப் போனால் நூல் சுவராக விரிகிறது. சுவருக்குள் வரிசையாகச் சிவப்பணுக்கள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்பது தெரியும். மூன்று சுவர்கள் கூடும் மூலைகளில் உருண்டையாக, சற்றே அறைக்குள் புடைத்துக்கொண்டு, நுரைத்தாற்போன்ற சைட்டோபிளாசத்தோடு ஒரு செல் உட்கார்ந்திருக்கும். சுவரோடு ஒட்டித் தட்டையாக நீண்ட கரிய உட்கருக்களும் அங்கங்கே உண்டு. ஆனால் அந்த உட்கரு, சுவரின் மேற்பரப்பைப் போர்த்தும் எபிதீலிய செல்லுடையதா, மிக நுண்ணிய இரத்தக் குழாயான தந்துகியின் உட்சுவர் செல்லுடையதா என்று ஒளி நுண்ணோக்கியில் உறுதியாகச் சொல்வது கடினம். அறையின் வெற்றிடத்தில் தனியாக, பெரிதாக, சில சமயம் பழுப்புத் துகள்களோடு மிதக்கும் செல் மேக்ரோஃபேஜ் என்னும் விழுங்கு செல்.

இந்தக் குழப்பம் மாணவர்களுக்கு மட்டும் உரியதன்று. 1661-ஆம் ஆண்டில் இத்தாலியின் மார்செல்லோ மால்பிகி தவளையின் நுரையீரலில் நுண்ணறைகளையும், தமனிக்கும் சிரைக்கும் நடுவே இரத்தம் ஓடும் தந்துகிகளையும் கண்டு எழுதினார். அதற்குப் பிறகு ஏறக்குறைய முந்நூறு ஆண்டுகள் ஒரு கேள்வி தீராமலே இருந்தது: அந்தச் சுவரின் மேல் எபிதீலியப் போர்வை இருக்கிறதா, அல்லது இரத்தத் தந்துகிகள் காற்றுக்கு நேராகவே திறந்து கிடக்கின்றனவா? 19-ஆம் நூற்றாண்டில் சிலர் சுவரின் மேல் உட்கரு இல்லாத தட்டுகள் இருப்பதாக எழுதினார்கள். உட்கரு இல்லாமல் ஒரு செல் எப்படி உயிர் வாழும் என்று மற்றவர்கள் கேட்டார்கள். இரு தரப்பும் நேர்மையாகத்தான் வாதிட்டன. அவர்கள் கையில் இருந்த கருவிதான் போதவில்லை. ஒளி நுண்ணோக்கியால் 0.2 மைக்ரானுக்குக் கீழ் உள்ள எதையும் பிரித்துக் காட்ட இயலாது. சர்ச்சைக்குரிய போர்வையோ பல இடங்களில் அந்த அளவோ அதற்கும் குறைவோ ஆன தடிமன் கொண்டது. 1952-இல் அமெரிக்க உடற்கூற்றியலாளர் ஃபிராங்க் லோ எலக்ட்ரான் நுண்ணோக்கியில் எலியின் நுரையீரலை வைத்துப் பார்த்தபோதுதான், இடைவெளியே இல்லாத தொடர்ச்சியான எபிதீலியம் சுவர் முழுவதையும் மூடியிருப்பது தெரிந்தது.

உட்கரு இல்லாத தட்டுகளின் புதிர் அதற்குப் பின்னும் கொஞ்சம் மிச்சமிருந்தது. சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் நெடுங்காலம் நுரையீரலை அளந்துகொண்டிருந்த எவால்ட் வைபல் 1971-இல் அதற்கு விடை சொன்னார். எபிதீலிய செல்களில் தட்டையாக விரியும் முதல் வகை, மூலையில் உருண்டையாக உட்காரும் இரண்டாம் வகை என இரண்டு உண்டு. முதல் வகைச் செல் ஒரே தட்டாகப் பரவி நிற்பதில்லை. உட்கரு உள்ள சிறு நடுப்பகுதியிலிருந்து தண்டுகள் கிளம்பி, சிலவிடங்களில் சுவரை ஊடுருவி மறுபுறம் சென்று, அங்கேயும் ஒரு தட்டாக விரிகின்றன. உட்கரு ஓர் அறையின் பக்கம் இருக்க, அதே செல்லின் உடல் பக்கத்து அறையின் பக்கமும் போர்த்தியிருக்கிறது. பொதுச்சுவர் என்று நான் சொல்வது எத்தனை ஆழத்துக்குப் பொருந்துகிறது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குக் கிடைக்கவில்லை: சுவர் மட்டும் பொது அன்று, சுவரைப் பூசிய செல்லே இரண்டு அறைகளுக்கும் பொது.

அளவுகளையும் இங்கேயே சொல்லிவிடலாம். மனித நுரையீரல்கள் இரண்டிலும் சேர்த்து முப்பது கோடி நுண்ணறைகள் என்பது பழைய கணக்கு; 2004-இல் மத்தியாஸ் ஓக்ஸ் குழுவினர் ஆறு பேரின் நுரையீரல்களில் எண்ணி, சராசரியாக 48 கோடி என்றும், ஆளுக்கு ஆள் அது 27 கோடி முதல் 79 கோடி வரை மாறுகிறது என்றும் வெளியிட்டார்கள். ஒன்றின் விட்டம் சுமார் 0.2 மில்லிமீட்டர். மொத்தப் பரப்பு, ஒளி நுண்ணோக்கியில் அளந்தால் 70 அல்லது 80 சதுர மீட்டர். எலக்ட்ரான் நுண்ணோக்கியில் மேடுபள்ளங்களையும் சேர்த்து அளந்தால் 140 வரை போகிறது. எங்கள் பக்கத்துக் கணக்கில் மூன்றரை சென்ட் மனை. பிறக்கும்போது இந்த நுண்ணறைகளில் பெரும்பகுதி உருவாகியிருப்பதில்லை என்பதையும், பிறந்த பின் முதல் சில ஆண்டுகளில்தான் புதிய தடுப்புகள் எழுந்து எண்ணிக்கை பெருகுகிறது என்பதையும், குழந்தைகள் இருக்கும் வீட்டில் புகைபிடிப்பவர்கள் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

இனி சுவரை நெருங்கிப் பார்ப்போம். சுவரின் நடுவே தந்துகிகள் ஓடுகின்றன என்பதைவிட, சுவரின் பெரும்பகுதியே தந்துகிதான் என்பது சரியாக இருக்கும். வலை மிக நெருக்கமாக இருப்பதால், குழாய்களுக்குள் ஓடும் இரத்தம் என்று அதைக் கருதாமல், இடையிடையே தூண்கள் நிற்கும் ஒரு மெல்லிய இரத்தப் படலமாகக் கருதிக் கணக்கிடலாம் என்று 1969-இல் ஒய். சி. ஃபங், சிட்னி சோபின் ஆகியோர் காட்டினார்கள். இந்தத் தந்துகிகள் சுவரின் நட்டநடுவில் ஓடுவதில்லை என்பதுதான் பாடநூல் படத்தில் வராத செய்தி. ஒவ்வொரு தந்துகியும் ஓர் அறையை ஒட்டிச் சாய்ந்து, சற்றுத் தூரம் சென்றதும் மறு அறையை ஒட்டிச் சாய்ந்து, நடுவில் செல்லும் நார்க்கற்றையைச் சுற்றி நெளிந்து செல்கிறது. ஆகவே எந்த இடத்தில் வெட்டினாலும் தந்துகிக்கு மெல்லிய பக்கம் ஒன்றும் தடித்த பக்கம் ஒன்றும் இருக்கும்.

மெல்லிய பக்கத்தில் இருப்பவை மூன்றே அடுக்குகள். காற்றை நோக்கிய எபிதீலியத் தட்டு, இரத்தத்தை நோக்கிய தந்துகியின் உட்சுவர், அவை இரண்டின் அடித்தளச் சவ்வுகளும் ஒன்றாக இணைந்து உருவான நடு அடுக்கு. மூன்றையும் சேர்த்தால் 0.2 முதல் 0.6 மைக்ரான் வரைதான் வரும். ஒரு சிவப்பணுவின் விட்டம் ஏழரை மைக்ரான் என்பதை வைத்து ஒப்பிட்டுக்கொள்ளலாம். ஆக்சிஜனும் கரியமில வாயுவும் பெரும்பாலும் இந்த வழியாகத்தான் கடக்கின்றன. தடித்த பக்கத்தில் இரண்டு அடித்தளச் சவ்வுகளும் பிரிந்து நிற்கின்றன. அவற்றுக்கு நடுவே கொலாஜன் நார்களும், எலாஸ்டின் என்னும் மீள்நார்களும், அவற்றை நெய்யும் ஃபைப்ரோபிளாஸ்ட் செல்களும் உள்ளன. சுவரைத் தாங்குவதும், தந்துகியிலிருந்து கசியும் நீரை நுண் மூச்சுக்குழல்களைச் சுற்றியுள்ள நிணநாளங்களை நோக்கி வடியவிடுவதும் இந்தப் பக்கத்தின் வேலை. இதய நோயில் நுரையீரலில் நீர் கோக்கும்போது முதலில் வீங்குவது இந்தத் தடித்த பக்கமே; மெல்லிய பக்கத்தின் இணைந்த சவ்வு பிரிந்து இடம் கொடுக்காது. அதனால்தான் நீர் சேரத் தொடங்கிய பின்பும் சிறிது காலத்துக்கு வாயுப் பரிமாற்றம் பெரிதாகக் கெடாமல் நடக்கிறது. மெலிந்த சுவர் வேண்டும், உறுதியான சுவரும் வேண்டும் என்ற இரண்டு தேவைகளையும் ஒரே இடத்தில் தீர்க்க முடியாது என்பதால், ஒரே தந்துகியின் இரண்டு பக்கங்களுக்கு அவற்றைப் பங்கிட்டுக் கொடுத்த இந்த ஏற்பாடு, உடலமைப்பியலில் நான் படித்தவற்றுள் மிக நேர்த்தியானது என்று எண்ணுகிறேன்.

ஓய்வாக உட்கார்ந்திருப்பவரின் சிவப்பணு ஒன்று இந்தத் தந்துகி வலையில் இருக்கும் நேரம் ஏறத்தாழ முக்கால் நொடி. ஆக்சிஜன் முழுதும் ஏறுவதற்குக் கால் நொடி போதும்; மீதி அரை நொடி கையிருப்பு. நோயால் சுவர் தடித்தவர் திண்ணையில் உட்கார்ந்து பேசும்போது ஒரு குறையும் தெரியாமல் இருந்து, மாடிப்படி ஏறும்போது பாதியில் நின்றுவிடுவதற்குக் காரணம் இந்தக் கணக்குதான். வேலை செய்யும்போது இதயம் இரத்தத்தை விரைவாக ஓட்டுகிறது. சிவப்பணுவின் தங்கல் நேரம் கால் நொடியை நெருங்குகிறது. தடித்த சுவரைக் கடக்க ஆக்சிஜனுக்கு அந்த நேரம் போதுவதில்லை.

சுவரின் பரப்பில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கை மூடியிருப்பவை முதல் வகைச் செல்கள். ஆனால் எண்ணிக்கையில் அவை சிறுபான்மை. 1982-இல் ஜேம்ஸ் கிராப்போ குழுவினர் எண்ணியதில், நுண்ணறைப் பகுதியின் செல்களில் முதல் வகை சுமார் 8 சதவீதம், இரண்டாம் வகை சுமார் 16 சதவீதம். முதல் வகைச் செல் ஒன்று ஏறத்தாழ 5000 சதுர மைக்ரான் பரப்பை மூடுகிறது. இரண்டாம் வகை மூடுவது 200-க்கும் குறைவு. இத்தனை பரப்பை இத்தனை மெல்லிய உடலால் மூடுவதற்கு விலை உண்டு. முதல் வகைச் செல்லுக்குள் நுண்ணுறுப்புகள் குறைவு. நச்சுப் புகையோ, மிகையான ஆக்சிஜனோ, வைரஸ் தொற்றோ வந்தால் முதலில் உதிர்வது அதுவே. உதிர்ந்த இடத்தை நிரப்பத் தானே பிரிந்து பெருகும் வழக்கமும் அதற்கு இல்லை. அந்த வேலை மூலையில் உட்கார்ந்திருக்கும் இரண்டாம் வகையினுடையது. அது பிரிந்து, பிரிந்தவற்றில் சில தட்டையாகிப் பரவி முதல் வகையாக மாறுகின்றன. கொரோனா வைரஸ் நுழைவதற்குப் பற்றிக்கொள்ளும் ஏசிஇ-2 என்ற புரதம் நுண்ணறையில் பெரும்பாலும் இந்த இரண்டாம் வகைச் செல்லின் மேல்தான் இருக்கிறது என்பதை நினைத்தால், அந்த நோயில் நுரையீரல் ஏன் அப்படிச் சிதைந்தது என்பதில் ஒரு பகுதியாவது விளங்கும். பழுதுபார்க்க வேண்டிய செல்லே பழுதாகிவிட்டது.

இரண்டாம் வகைச் செல்லின் இன்னொரு வேலை, நீரின் பரப்பு இழுவிசையைக் குறைக்கும் சர்ஃபாக்டன்ட் என்ற பொருளைச் சுரப்பது. நாற்பது மடங்கு லென்ஸில் அதன் சைட்டோபிளாசம் நுரைத்தாற்போலத் தெரிவதற்குக் காரணம், அடுக்கடுக்கான கொழுப்புப் படலங்கள் நிறைந்த சிறு உருண்டைகள் அதற்குள் இருந்து, ஸ்லைடு செய்யும்போது ஆல்கஹாலிலும் சைலீனிலும் கரைந்து போய், வெற்றிடங்களை விட்டுச் செல்வதுதான். நுண்ணறையின் உட்புறம் மிக மெல்லிய நீர்ப்படலம் உண்டு. நீரின் பரப்பு இழுவிசை உடல் வெப்பத்தில் மீட்டருக்கு 70 மில்லிநியூட்டன். அதை அப்படியே விட்டால் ஒவ்வொரு மூச்சு விடும்போதும் அறைகள் மடிந்துவிடும். 1929-இல் கூர்ட் ஃபான் நீர்கார்ட் நுரையீரலைக் காற்றால் நிரப்பியும் திரவத்தால் நிரப்பியும் பார்த்து, திரவத்தால் விரிப்பது மிக எளிதாக இருப்பதைக் கண்டார். நுரையீரல் சுருங்குவதில் பெரும்பங்கு பரப்பு இழுவிசையுடையது என்பது அதனால் தெரிந்தது. அதை யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை. 1955-இல் ரிச்சர்ட் பேட்டில் நுரையீரலிலிருந்து வரும் நுரைக் குமிழிகள் உடையாமல் நெடுநேரம் நிற்பதைக் கவனித்தார். 1957-இல் ஜான் கிளெமென்ட்ஸ், பரப்பைச் சுருக்கச் சுருக்க இழுவிசை மிகக் கீழே இறங்குவதை அளந்து காட்டினார். 1959-இல் மேரி எலன் ஏவரி, ஜியர் மீட் இருவரும், குறைமாதக் குழந்தைகள் மூச்சுத் திணறி இறப்பதற்குக் காரணம் இந்தப் பொருளின் குறைவே என்று எழுதினார்கள். 1963 ஆகஸ்டில் அமெரிக்க அதிபர் கென்னடியின் மகன் பாட்ரிக் ஐந்தரை வாரம் முன்னதாகப் பிறந்து இரண்டே நாளில் இறந்தது இதே நோயால்தான். அன்று கொடுக்க எதுவும் இல்லை. 1972-இல் லிக்கின்ஸ், ஹவி இருவரும் தாய்க்கு முன்கூட்டியே ஸ்டீராய்டு ஊசி போட்டால் குழந்தையின் நுரையீரல் விரைந்து முதிர்கிறது என்று காட்டினார்கள். 1980-இல் ஜப்பானின் தெட்சுரோ ஃபுஜிவாரா பத்துக் குழந்தைகளுக்குச் சர்ஃபாக்டன்ட்டையே மூச்சுக்குழலில் செலுத்திப் பார்த்தார். இன்று மாதம் நிறையுமுன் வலி கண்டு வரும் பெண்ணுக்கு அரசு மருத்துவமனையில் டெக்சாமெத்தசோன் ஊசி போடுவதன் பின்னால் இந்த நீண்ட கதை இருக்கிறது. எட்டு மாதக் குழந்தைக்கு எதற்கு ஊசி என்று கேட்கும் பாட்டிமார்களுக்கு, குழந்தைக்கு அல்ல பாட்டி, அதன் மூச்சுக்கு என்று நான் பதில் சொல்வது உண்டு.

இந்த இடத்தில் பாடநூல்கள் செய்யும் இன்னொரு எளிமைப்படுத்தலையும் குறிப்பிட வேண்டும். சிறு குமிழியும் பெரு குமிழியும் ஒரு குழாயால் இணைந்திருந்தால் சிறியது தன் காற்றைப் பெரியதற்குள் தள்ளிவிட்டு மடிந்துவிடும் என்று லாப்லாஸ் விதியைக் காட்டி, சர்ஃபாக்டன்ட் இதைத் தடுக்கிறது என்று முடித்துவிடுகிறார்கள். சர்ஃபாக்டன்ட் தடுக்கிறது என்பது சரிதான். ஆனால் தனித்தனிக் குமிழி என்பதே மறுபடியும் திராட்சைப் படம். சுவர் பொதுவாக இருக்கும்போது ஓர் அறை மடியத் தொடங்கினால் அதைச் சுற்றியுள்ள அறைகளின் சுவர்கள் இழுபட்டு அதைத் திறந்து பிடிக்கின்றன. இந்தப் பரஸ்பரத் தாங்குதலை 1970-இல் அதே ஜியர் மீட், டகிஷிமா, லீத் ஆகியோருடன் சேர்ந்து கணக்கிட்டு விளக்கினார். சுவர்களில் அங்கங்கே சில மைக்ரான் அகலத்துக்குத் துளைகளும் உள்ளன. நிமோனியா கண்ட நுரையீரலில், இரத்தம் உறையும்போது உருவாகும் ஃபைப்ரின் இழைகள் ஓர் அறையிலிருந்து மற்றோர் அறைக்குச் செல்வதைக் கண்டு 1893-இல் ஹான்ஸ் கோன் அவற்றை விவரித்தார். அவர் பெயரால்தான் இன்றும் வழங்குகின்றன.

மீள்நார்களை ஹீமட்டாக்சிலின், இயோசின் கொண்டு பார்க்க இயலாது. ஆர்சீன் அல்லது வெர்ஹாஃப் சாயம் வேண்டும். அந்தச் சாயத்தில் அறைகளின் வாய்களைச் சுற்றிக் கரிய வளையங்கள் தெரியும். புகைபிடிப்பவர்களின் நுரையீரலில் வெள்ளணுக்கள் விடும் எலாஸ்டேஸ் நொதி இந்த நார்களை அறுக்கிறது. சுவர்கள் அழிந்து பல சிறு அறைகள் சில பெரிய வெற்றிடங்களாகிவிடுகின்றன. எம்ஃபைசீமா என்பது அதுவே. தந்துகியின் உட்சுவர் செல்களைப் பற்றி 2020-இல் ஒரு செய்தி வந்தது: அவை ஒரே வகை அல்ல, வாயுப் பரிமாற்றத்துக்கென்றே அகன்று பரந்த ஒரு வகையும், பழுதுபார்த்துப் பெருகும் இன்னொரு வகையும் உண்டு. எபிதீலியத்தில் நாம் கண்ட அதே வேலைப் பங்கீடு சுவரின் மறுபுறத்திலும் இருக்கிறது.

மேக்ரோஃபேஜைக் கடைசியாக வைத்ததற்கு எங்கள் மண்ணே காரணம். குப்பத்துக் கற்கள் பல ஊர்களுக்குப் போகின்றன. பக்கத்துக் கோலார் தங்கவயலில் தலைமுறை தலைமுறையாகப் பாறை உடைத்தவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். குவார்ட்ஸ் கலந்த கல்லை அறுக்கும்போது எழும் தூசியில் பத்து மைக்ரானுக்கு மேற்பட்டவை மூக்கிலும் தொண்டையிலும் தங்கி, சளியோடு வெளியேறிவிடும். ஐந்து மைக்ரானுக்குக் கீழ் உள்ளவையே நுண்ணறை வரை போகும். அங்கே முடிமயிர் போன்ற குற்றிழைகளும் இல்லை, சளியும் இல்லை. இருப்பது மேக்ரோஃபேஜ் மட்டுமே. அது சுவரின் மேல் ஊர்ந்து, தூசியையும் கிருமியையும் பழைய சர்ஃபாக்டன்ட்டையும் விழுங்கி, நுண் மூச்சுக்குழல் வரை ஏறி, அங்கிருந்து குற்றிழைகளின் ஓட்டத்தில் தொண்டைக்கு வந்து, நாம் அறியாமலே விழுங்கப்பட்டு விடுகிறது. அடுப்புக் கரியைத் தின்ற செல் கரும்புள்ளிகளோடு அமைதியாகவே இருக்கும். குவார்ட்ஸ் தூசியின் பொருளான சிலிக்கா அப்படி அன்று. விழுங்கப்பட்ட துகள், செல்லுக்குள் அதை அடைத்து வைத்திருக்கும் பையின் சவ்வைக் கிழிக்கிறது. நொதிகள் கசிந்து செல் அழற்சிச் சைகைகளை வெளியிட்டபடியே சாகிறது. வெளிவந்த துகளை அடுத்த செல் விழுங்கி அதுவும் சாகிறது. ஒரே துகள் எத்தனை செல்களையும் கொல்லலாம், ஏனென்றால் அது கரைவதில்லை. சைகை கேட்ட ஃபைப்ரோபிளாஸ்டுகள் கொலாஜனை நெய்துகொண்டே போக, நுண் மூச்சுக்குழல்களைச் சுற்றிச் சுழல் சுழலாகத் தழும்பு முடிச்சுகள் விழுகின்றன. வேலையை விட்ட பிறகும் சிலிக்கோசிஸ் என்னும் இந்த நோய் வளர்வதற்கும், செயலிழந்த மேக்ரோஃபேஜ்கள் காரணமாகக் காசநோய் எளிதில் தொற்றுவதற்கும் இதுவே காரணம்.

எங்கள் தெருவில் கல் பாலிஷ் வேலைக்குப் போகும் ஒருவர், நான் அண்ணே என்று அழைப்பவர், முகத்தில் துண்டு கட்டிக்கொண்டுதான் வேலை செய்வதாகச் சொல்வார். மாலையில் அவர் புருவத்தில் வெள்ளைத் தூள் படிந்திருப்பதைப் பார்க்கலாம். “பாருங்க, துண்டுல எவ்ளோ புடிச்சிருக்கு” என்று உதறிக் காட்டுவார். அந்தத் துண்டில் பிடித்திருப்பதும் புருவத்தில் படிந்திருப்பதும் பெரிய துகள்கள். நூலுக்கும் நூலுக்கும் நடுவே பல பத்து மைக்ரான் இடைவெளி உள்ள துணி, ஒரு மைக்ரான் துகளைப் பெரிதாகத் தடுக்காது. அந்த அளவுத் துகள் கண்ணுக்கும் தெரியாது. அதற்கென்று செய்யப்பட்ட என்-95 போன்ற முகமூடி, முகத்தோடு இடைவெளியின்றிப் பொருந்தினால், ஓரளவு காக்கும். அதைவிட மேலான வழி அறுக்கும் இடத்திலேயே தண்ணீரைப் பாய்ச்சித் தூசி எழாமல் செய்வது. பெரிய ரம்பங்களில் தண்ணீர் ஓடுகிறது, ஆனால் விளிம்பு தேய்க்கும் கைக் கிரைண்டரைப் பல பட்டறைகளில் உலர்வாகவே ஓட்டுகிறார்கள், தூசி முகத்துக்கு மிக அருகில் எழுவதும் அந்த வேலையில்தான்.